கடல் திருப்பித் தருமா? உயிர்ப்புப் பெருவிழா கேள்வி–பதில்

உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பாதி தாண்டியதும் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் மாறிவிடும். மற்ற மாதங்களில் ஞானப்பெற்றோராக யாரை நிறுத்தலாம், வேறு மறைமாவட்டத்தில் திருமணம் வைத்தால் என்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்பவர்கள், இப்போது சாவைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று என்னை நாள்கணக்கில் யோசிக்க வைத்தது. அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*கிறிஸ்துமஸ் மாதிரி ஈஸ்டரையும் ஒரே தேதியில் வைத்தால் என்ன? ஏன் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது?*
– வாசகர், ஓசூர்

இயேசு சிலுவையில் இறந்தது யூதர்களின் பாஸ்கா விழா நாள்களில். பாஸ்கா நிலவை வைத்துக் கணக்கிடும் விழா. அதனால் நம் விழாவும் நிலவின் பின்னாலேயே போகிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்து வரும் ஞாயிறு – இதுதான் கணக்கு. எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டும் என்று 325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் முடிவெடுத்தது. ஆனால் கிழக்கத்திய சபைகள் பல இன்றும் பழைய ஜூலியன் நாள்காட்டியை வைத்துக் கணக்கிடுவதால் அந்த ஒற்றுமை முழுசாகக் கைகூடவில்லை. 2026-இல் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12.

நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வரும். 2022-இல் மாதிரி சில ஆண்டுகளில் சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாளே வந்துவிடும். பெரிய வியாழன் இரவு ஆராதனை முடிந்து கோயிலுக்கு வெளியே வரும்போது வானத்தைப் பாருங்கள். கெத்சமனித் தோட்டத்தில் சீடர்கள் தூங்கியபோதும் இப்படித்தான் நிலா காய்ந்திருக்கும். தேதியை நிலையாக வைத்துவிட்டால் அது போய்விடும். எனக்கு இந்த மாறும் தேதியே பிடித்திருக்கிறது.

*கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். நான்கு நற்செய்திகளையும் அருகருகே வைத்துப் படித்தேன். கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர் என்பதில்கூட ஒற்றுமை இல்லை. மாற்குவில் ஓர் இளைஞர், லூக்காவில் இரண்டு பேர். சாட்சிகள் இப்படி ஆளுக்கொன்று சொன்னால் எந்த நீதிமன்றம் ஏற்கும்?*
– வாசகர், திருச்சி

தம்பி, நான்கையும் சேர்த்து வைத்துப் படித்தீர்களே, அதற்கு முதலில் என் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு வாசகத்தைத் துண்டு துண்டாகக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் கண்ணில் இது படவே படாது.

நீங்கள் சொல்வது சரி. மாற்கு மூன்று பெண்களைச் சொல்கிறார்: மகதலா மரியா, யாக்கோபின் தாய் மரியா, சலோமி. மத்தேயுவில் இரண்டு மரியாக்கள். லூக்கா யோவன்னாவையும் வேறு சில பெண்களையும் சேர்க்கிறார். யோவானில் மகதலா மரியா மட்டும் முன்னால் நிற்கிறார். வானதூதர் ஒருவரா இருவரா என்பதிலும் வேறுபாடு உண்டு. ஆனால் அது வாரத்தின் முதல் நாள் விடியற்காலை, கல்லறை வெறுமையாக இருந்தது, அதை முதலில் பார்த்தவர்கள் பெண்கள், அவர்களில் மகதலா மரியா இருந்தார் என்ற செய்திகளில் நால்வரும் கொஞ்சமும் விலகவில்லை. நான்கு பேரும் உட்கார்ந்து பேசிவைத்து எழுதியிருந்தால் வானதூதர் எண்ணிக்கையைத்தான் முதலில் சரிசெய்திருப்பார்கள்.

நீதிமன்றம் என்றீர்கள். அந்தக் காலத்து நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ், பெண்களின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்பதைத் தம் மக்களின் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார். அப்படிப்பட்ட சமூகத்தில் ஊரை நம்பவைக்கக் கதை கட்டுகிறவன் பேதுருவை அனுப்பியிருப்பான். இல்லையென்றால் தலைமைச் சங்க உறுப்பினரான அரிமத்தியா யோசேப்பை அனுப்பியிருப்பான். பெண்களை அனுப்பியிருக்கமாட்டான். திருத்தூதர்களே அந்தப் பெண்கள் சொன்னதைப் பிதற்றல் என்று தள்ளிவிட்டார்கள் என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கெல்சு என்ற கிரேக்க அறிஞர், புத்தி பேதலித்த ஒரு பெண் சொன்னதை நம்பித்தானே இவர்கள் கிளம்பியிருக்கிறார்கள் என்று கேலி பேசினார். இப்படியெல்லாம் கேவலம் வரும் என்று தெரிந்தும் நான்கு நற்செய்திகளிலும் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். நடந்தது அதுதான், மாற்றி எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மகதலா மரியாவின் ஜூலை 22 நினைவு நாளை 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தினார். எவ்வளவு காலம் கழித்துச் செய்த மரியாதை!

இன்னொன்றையும் படித்துப் பாருங்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 15-ஆம் அதிகாரம். ஏறக்குறைய கி.பி. 55-இல் எழுதியது. இயேசு இறந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. உயிர்த்த ஆண்டவரைப் பார்த்தவர்களின் பட்டியலை அதில் தருகிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற தைரியம் அதில் இருக்கிறது. அதே பட்டியலில் ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு பெயரும் வருகிறது. இயேசு உயிரோடிருந்த காலத்தில் அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார். அந்த யாக்கோபு பின்னாளில் எருசலேம் சபைக்கே தலைவராகி, 62-இல் கல்லால் எறிந்து கொல்லப்பட்டார். கூடப் பிறந்தவன் விஷயத்தில் ஒருவரை ஏமாற்றுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் சேர்ந்தாலும் உங்கள் ஆய்வுக்கூடத்து நிரூபணம் ஆகாது. மறுபடி செய்துபார்க்க முடியாத, ஒரே முறை நடந்த நிகழ்ச்சி இது. அது நடந்த நொடியை எந்த நற்செய்தியாளரும் வருணிக்கவும் இல்லை. ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. சாட்சிகளை எடைபோட்டு, அவர்கள் சொல்வதில் உயிரை வைக்கலாமா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். நான் வைத்துவிட்டேன். உங்கள் கேள்விகள் தீரும்வரை எழுதிக்கொண்டே இருங்கள்.

*ஃபாதர், 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது என் வீட்டுக்காரர் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கு கடல் தொழிலுக்குப் போயிருந்தார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அவருடைய சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிடலாம் என்று மாமியார் சொன்னார். நான் விடவில்லை. கல்லறை திறந்தது என்று ஈஸ்டருக்குப் பாடுகிறோம். அவருக்குக் கல்லறையே இல்லையே, எது திறக்கும்? மீன் தின்றுபோன உடம்பு எப்படி எழும்பும்? கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் திரியும் கொண்டு போகும்போது நான் எங்கே போய் நிற்பது? விசுவாசம் உள்ளவள் அழமாட்டாள் என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கு இன்னும் அழுகை வருகிறது.*
– வாசகி, குளச்சல் பக்கம்

அம்மா, கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அழுங்கள். தம் நண்பர் இலாசரின் கல்லறை முன்னால் இயேசு அழுதார். கொஞ்ச நேரத்தில் அவரை உயிரோடு வெளியே கூப்பிடப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். உயிர்ப்பு நாள் காலையில் மகதலா மரியா கல்லறைக்கு வெளியே அழுதுகொண்டுதான் நின்றார். அவர் கேட்டதும் நீங்கள் கேட்பதும் ஒன்றுதான்: உடலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன். உயிர்த்த ஆண்டவர் அவரிடம் உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதும்போதும், நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்றுதான் எழுதினார். துயரமே படக் கூடாது என்று எழுதவில்லை. உங்களை அழக் கூடாது என்று சொன்னவர்கள் விவிலியத்தைப் பாதியில் மூடிவிட்டார்கள்.

இப்போது உடம்பைப் பற்றி. இது உங்களுக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. 177-ஆம் ஆண்டு, இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். கொன்றவர்களுக்கு அதுவும் போதவில்லை. உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிட்டார்கள். எதற்கு? இவர்கள் எழும்புவோம் எழும்புவோம் என்கிறார்களே, இப்போது எழும்பட்டும் பார்ப்போம் என்றுதான். வரலாற்றாசிரியர் யூசேபியு இதைப் பதிவுசெய்திருக்கிறார். அந்த ஊர்ச் சபை பயந்து கலைந்துவிடவில்லை. ஆற்றோடு போனவர்களைத் தங்கள் மறைச்சாட்சிகளாக இன்றுவரை கொண்டாடுகிறது. புனித அகுஸ்தினாரும் தம் பெரிய நூலின் கடைசிப் பகுதியில் நீங்கள் கேட்டதையே எடுத்துப் பேசுகிறார். நெருப்பில் போனவர்கள், விலங்குகளுக்கு இரையானவர்கள், தண்ணீரில் கரைந்தவர்கள் எல்லோரும் எப்படி எழுவார்கள் என்று கேட்டு, இல்லாமையிலிருந்து படைத்தவருக்கு எங்கே தேடுவது என்று தெரியாமல் போகுமா என்கிறார்.

திருவெளிப்பாட்டின் 20-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். கடைசி நாளில் இறந்தோரை யார் யார் ஒப்படைக்கிறார்கள் என்று அங்கே வருகிறது. சாவும் பாதாளமும் அப்புறம்தான். முதலில் கடல், தன்னிடம் இருந்த இறந்தோரை ஒப்படைக்கிறது. எழுதிய யோவான் அப்போது பத்மு தீவில் இருந்தார். நாலு பக்கமும் தண்ணீர். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது. எனவே எது திறக்கும் என்று கேட்டீர்களே, அதற்கு விவிலியத்திலேயே பதில் இருக்கிறது: கடல் திறக்கும்.

எப்படி, எந்த உருவில் என்பதற்கு விவரமான விடை யாரிடமும் இல்லை. கொரிந்து நகரத்தாரும் இதையேதான் கேட்டார்கள். பவுல் ஒரு விதையைக் காட்டினார். மண்ணில் போடுவது வெறும் மணி. முளைத்து வருவது அந்த மணி மாதிரியே இருக்காது, ஆனால் அதிலிருந்துதான் வருகிறது. அதற்கு மேல் அவர் போகவில்லை. நானும் போகவில்லை.

ஆனால் உயிர்த்தவர் எப்படி இருந்தார் என்று பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நீங்கள் விட்டுவிடக் கூடாது, கடற்கரைக்காரர்கள் யாருமே விட்டுவிடக் கூடாது. யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம். பேதுருவும் தோமாவும் செபதேயுவின் மக்களும் மற்றவர்களுமாக ஏழு பேர் ராத்திரி முழுக்கத் தொழில் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் வருகிறார்கள். விடிகிற நேரம். கரையில் ஒருவர் நிற்கிறார். கரிநெருப்பு மூட்டியிருக்கிறார். அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் அப்பம். வாருங்கள், சாப்பிடுங்கள் என்கிறார். கடலுக்குப் போய்வருகிற ஆளுக்குக் கரையில் சுடச்சுட என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவர் செய்கிற வேலை அது. லூக்காவில் சீடர்கள் ஆவியைக் கண்டதுபோல் பயந்தபோது, வேகவைத்த மீன் துண்டு ஒன்றை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். தோமாவுக்குக் காட்டிய கையில் ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது. கடவுள் நினைத்திருந்தால் அந்தத் தழும்பைத் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை.

இதிலிருந்து நான் பிடித்துக்கொள்வது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்காரர் ஏதோ ஒரு புகையாகவோ ஒளியாகவோ திரும்பி வரப்போவதில்லை. வலை இழுத்து இழுத்துக் காய்ப்புக் காய்ச்ச அந்தக் கையோடு, உங்களை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படிக் கூப்பிடுகிற அந்த ஆளாகவே எழுப்பப்படுவார். அதைவிடக் குறைவாக எதையும் திருச்சபை உங்களுக்கு வாக்களிக்கவில்லை.

இதை நான் எழுதுமேசையில் இருந்துகொண்டு மட்டும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. சுனாமி வந்த நாள். அப்போது நான் புதிதாகக் குருப்பட்டம் வாங்கியிருந்தவன். உதவிக்கு ஆள் வேண்டும் என்று உங்கள் கடற்கரைக்கு அனுப்பினார்கள். ஜேசிபி தோண்டிய நீளக் குழி. கொண்டுவந்து கொண்டுவந்து இறக்கினார்கள். பாதிப் பேருக்கு அடையாளம் சொல்ல ஆள் இல்லை. சொல்ல வேண்டியவர்களும் போயிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளையின் காலில் ஒற்றைக் கொலுசு கிடந்தது. தேடி வருகிறவர்கள் யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு தொண்டர் அதைக் கழற்றி, செய்தித்தாளில் மடித்து, மேலே ஓர் எண் எழுதி வைத்தார். நான் அந்தக் குழியை மந்திரித்து ஆசீர்வதித்தேன். ஜெபப் புத்தகத்தில் பெயர் சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் நிறுத்தினேன். சொல்லப் பெயர் இல்லை. அந்த இடத்தில் நின்றபோது, ஒவ்வொருவர் பெயரும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதும், அவர் கூப்பிடும் நாள் ஒன்று வரும் என்பதும் இல்லாவிட்டால், என்னால் அடுத்த வரியை வாசித்திருக்க முடியாது.

அந்தச் சட்டை விஷயம். மாமியார் சொன்னதில் தப்பில்லை, நீங்கள் விடாததிலும் தப்பில்லை. காணாமல் போனவர் ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் சட்டம் அவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும். ஒக்கியில் போனவர்களுக்காக அரசு அதைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது. ஆனால் மனத்துக்கு அரசாணை போட முடியாது. உங்களுக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது செய்யலாம். உடல் இல்லாமலே இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டி பக்கத்தில், ஈஸ்டர் இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியை ஏற்றிவைப்போமே, பார்த்திருப்பீர்கள். திருமுழுக்கு நாளில் கையில் கொடுக்கும் திரியும் அதிலிருந்து பற்றவைத்ததுதான். பெட்டி இல்லாவிட்டால் அவர் புகைப்படத்தின் பக்கத்தில் அந்தத் திரி எரியட்டும். கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயர், பிறந்த நாள், கடலுக்குப் போன நாள் பொறித்த ஒரு கல் வைக்கப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். உங்கள் ஊரில் அப்படிப் போனவர்கள் பலர் இருப்பார்கள். எல்லார் பெயரையும் ஒரே கல்லில் பொறித்தாலும் சரி. கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் வந்து நிற்க ஓர் இடம் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் ஒரு வார்த்தை. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். மறு உலகம் இருக்கிறதே, பிறகெதற்கு மறியல் என்று சிலர் கேட்டார்கள். உடம்பு எழும்பும் என்று நம்புகிறவனுக்குத்தான் ஒவ்வோர் உடம்பும் முக்கியம். கரையிலிருந்து படகுக்குச் சேதி போய்ச் சேர வேண்டும், புயல் எச்சரிக்கை நேரத்துக்கு வர வேண்டும் என்று கேட்பதும் உயிர்ப்பை நம்புகிறவர்களின் வேலைதான்.

*நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். செத்தவர் மறுபடி பிறக்கிறார் என்று நாங்கள் சொல்கிறோம். உயிர்த்தெழுகிறார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?*
– வாசகர், கும்பகோணம்

நட்போடு கேட்டிருக்கிறீர்கள், நட்போடு சொல்கிறேன்: ஒன்று இல்லை. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் உங்கள் மரபுக்கும் நியாயம் செய்ததாகாது.

ஒன்றாகப் படுகிற இடங்கள் உண்டு. "உறங்கு வதுபோலும் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு" என்ற குறளை அடக்க மறையுரையில் நானே சொல்லியிருக்கிறேன். இலாசர் இறந்த செய்தி வந்தபோது இயேசுவும், நம் நண்பன் தூங்குகிறான், எழுப்பப் போகிறேன் என்றுதான் சொன்னார். சாவோடு எல்லாம் முடிந்தது என்று நாம் இருவருமே நம்பவில்லை.

வேறுபாடு எங்கே வருகிறது? காரைக்கால் அம்மையார் இறைவனிடம் பிறவாமை வேண்டும் என்று கேட்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். பிறவி தொடரும் தளை. அதிலிருந்து விடுபடுவதே பேறு. அந்தக் கேள்வியின் ஆழம் எனக்குத் தெரியும். விவிலியம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. கடவுள் படைத்ததைப் பார்த்து நன்று என்றார். உடல் அந்த நன்றில் ஒரு பகுதி. எனவே விடுதலை உடலிலிருந்து கிடைப்பதில்லை, உடலுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. வேறொரு பெயரில் வேறொரு வயிற்றில் பிறப்பதும் இல்லை. ஒரே வாழ்க்கை, ஒரே ஆள். அந்த ஆளே எழுப்பப்படுகிறார்.

அதோடு, இலாசர் வெளியே வந்ததும் இயேசு உயிர்த்ததும்கூட ஒன்றில்லை. இலாசர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார். பிறகு ஒருநாள் இறந்தார். உயிர்த்த கிறிஸ்து இனிச் சாகமாட்டார் என்கிறார் பவுல். இதைப் பல கிறிஸ்தவர்களே கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் கிறிஸ்தவ நண்பர் யாராவது இருந்தால் ஒருநாள் இதைப் பற்றிப் பேசுங்கள். ஒத்துப்போகாத இடத்தில்தான் பேச்சு சுவையாக இருக்கும்.

*2021-இல் அம்மா கொரோனாவில் இறந்தார்கள். மருத்துவமனையிலிருந்து நேரே மின்மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாம்பலை ஒரு பானையில் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். எரித்தது பாவமா?*
– வாசகர், கோவை

இல்லை. உயிர்ப்பை மறுப்பதற்காக எரிப்பதைத்தான் திருச்சபை எதிர்த்தது. அந்த எண்ணம் இல்லாவிட்டால் எரிக்கலாம் என்று 1963-இலேயே அனுமதி வந்துவிட்டது. அடக்கம் செய்வதைத்தான் இன்றும் விரும்பிச் சொல்கிறது, அது வேறு. உங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். ரோன் ஆற்றைப் பற்றி மேலே எழுதியதையும் ஒருமுறை படியுங்கள்.

ஆனால் சாம்பலை வீட்டில் வைத்திருப்பது வேண்டாம். 2016-இல் வத்திக்கான் தந்த வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: சாம்பலை ஆற்றிலோ கடலிலோ தூவக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது, கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். காரணம் எளிது. வீட்டில் இருந்தால் இரண்டு தலைமுறைக்குப் பிறகு அது யாருடையது என்று கேட்க ஆள் இருக்கமாட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருந்தால் ஊரே சேர்ந்து ஜெபிக்கும். உங்கள் தாத்தா பாட்டி கல்லறை இருந்தால் அதிலேயே வைக்கலாம். அன்று நடக்காமல்போன அடக்கச் சடங்கை இப்போது முறையாக நடத்தித் தரும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். உறவுக்காரர்களையும் கூப்பிடுங்கள். அன்று யாராலும் வரமுடியவில்லை அல்லவா?

*மாமனார் இறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வருஷம் திரும்பும்வரை வீட்டில் பண்டிகை கூடாது என்கிறார் நாத்தனார். பிள்ளைகள் ஈஸ்டருக்குப் புதுத்துணி கேட்கிறார்கள். என்ன செய்ய?*
– வாசகி, தூத்துக்குடி

நாத்தனாரோடு வாதாடாதீர்கள். அவர் அப்பாவை இழந்தவர். ஒரு வருஷம் பண்டிகை வேண்டாம் என்பது துக்கத்துக்கு நம் ஊர் கொடுக்கும் மரியாதை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் குடிலும் நட்சத்திரமும் வைக்காமல் இருந்திருந்தால் அதையும் புரிந்துகொள்வேன்.

ஈஸ்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சாவு நடந்த வீட்டுக்காகவே வருகிற திருநாள் அது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு வழிபாடான திருவிழிப்புக்கு நாத்தனாரையும் கையோடு கூட்டிப்போங்கள். கோயிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியில் அகரமும் னகரமும் இந்த ஆண்டின் எண்ணும் பொறிப்பார்கள். உங்கள் மாமனார் பார்க்காத ஆண்டு. அந்த எண்ணைப் பொறிக்கும்போது, இந்தக் காலமும் கிறிஸ்துவுக்கே உரியது என்று குரு சொல்வார். விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க, அந்த ஒரு திரியிலிருந்து ஆளுக்கு ஆள் பற்றவைத்துக்கொள்வீர்கள். அப்புறம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, உடலின் உயிர்ப்பை நம்புகிறீர்களா என்று குரு கேட்பார். கோயில் முழுக்க நம்புகிறோம் என்று சொல்லும். சொல்ல முடியாவிட்டால் நாத்தனார் சும்மா நிற்கட்டும். பக்கத்தில் நிற்கும் நீங்கள் அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொடுங்கள். பளபளப்பாக வேண்டாம் என்றால் வெள்ளையில் எடுங்கள். திருமுழுக்குக்கு உடுத்துவதும் வெள்ளைதானே. மதியம் மாமனாருக்குப் பிடித்ததைச் சமைத்து நாத்தனார் வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். பல பங்குகளில் திருவிழிப்பு இரவு 11 மணிக்குத்தான் தொடங்கும், வாசகங்களும் அதிகம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சனிக்கிழமை மதியம் நன்றாகத் தூங்கவைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள்.